இரு பள்ளிகளும் நம் பிள்ளைகளும்

(ஜும்ஆ உரை)

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக! ஆமீன்.



கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறக்கும் வேளை இது. சீருடை தைப்பதும், புத்தகப்பை வாங்குவதும், கட்டணம் புரட்டுவதுமாக ஒவ்வொரு வீடும் பரபரப்பாக இருக்கின்றது. ஐந்து வயது நிறைந்த பிஞ்சுகள் ஒன்றாம் வகுப்பில் முதன்முதலாக அடியெடுத்து வைக்கின்றார்கள். இந்த வாரத்தில் இதைவிட அவசியமான தலைப்பு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் வழக்கில் ‘பள்ளி’ என்னும் சொல் இரண்டு இடங்களைக் குறிக்கின்றது. தொழுகைக்கு வரும் இடமும் பள்ளி. எழுத்தறிவு பெறும் இடமும் பள்ளி. ஒரே பிள்ளைதான் காலையில் இந்தப் பள்ளிக்கும், பிறகு அந்தப் பள்ளிக்கும் செல்கின்றது. அந்தப் பிள்ளையின் பசி, தூக்கம், பயம், ஆசை ஆகியவற்றை இவ்விரு பள்ளிகளும் வீடும் சேர்ந்து சிந்திக்கின்றனவா என்பதே இன்றைய கேள்வி.

எழுத்தறிவின் மதிப்பு

நபி (ஸல்) அவர்களுக்கு ஹிரா குகையில் அருளப்பட்ட முதல் வசனங்கள் ஓதுவதைப் பற்றியும், எழுதுகோலைக் கொண்டு மனிதனுக்குக் கற்பிக்கப்பட்டதைப் பற்றியும் பேசுகின்றன என்பதை நாம் அறிவோம். அந்தப் போதனை எப்படி நடைமுறைக்கு வந்தது என்பதற்குப் பத்ருப் போர் சான்றாக உள்ளது.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், பத்ரில் பிடிபட்ட மக்காவாசிகளுள் சிலரிடம் மீட்புத் தொகை செலுத்தப் பொருள் இல்லை. ஆனால் எழுதத் தெரியும். மதீனாவின் சிறுவர்களில் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் அதுவே மீட்புத் தொகை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பொருள் மிகவும் தேவைப்பட்ட காலம் அது. முஹாஜிர்கள் சொத்துகளை மக்காவில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்த நிலையிலும் பொன்னுக்கும் வெள்ளிக்கும் நிகராகச் சிறுவர்களின் எழுத்தறிவு மதிப்பிடப்பட்டது. கற்றுக் கொடுத்தவர்களோ சில நாட்களுக்கு முன்பு வாளேந்தி எதிரில் நின்றவர்கள்!

அந்தக் கைதிகளிடம் எழுதக் கற்றவர்களுள் ஒருவராக ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் குறிப்பிடுவார்கள். ஹிஜ்ரத்தின்போது அவர்களுக்கு வயது பதினொன்று. பிற்காலத்தில் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் ஆட்சியில் திருக்குர்ஆனை ஒன்று திரட்டும் மாபெரும் பொறுப்பு அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. ஒரு சிறுவனுக்குக் கற்பித்த எழுத்து ஒரு சமுதாயத்திற்கே எவ்வளவு பெரிய நன்மையாக முடிந்தது, பார்த்தீர்களா!

இத்தகைய சமுதாயத்தின் நிலை என்ன? 2006ஆம் ஆண்டில் வெளியான சச்சார் குழு அறிக்கை, நாட்டில் 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 விழுக்காட்டினர் பள்ளிக்கே சென்றதில்லை அல்லது இடையில் நின்றுவிட்டவர்கள் என்று கூறியது. அதன் பிறகு 2009இல் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை கல்வி என்பது பிள்ளையின் உரிமையாயிற்று. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகத் தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுப்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் தெருவில் காகிதம் இல்லை என்று வீட்டில் இருக்கும் பிள்ளை யாரேனும் உண்டா? இன்று தொழுகை முடிந்ததும் ஜமாஅத் நிர்வாகிகளிடம் கூறுங்கள்.

பள்ளி வாசலில் ஒரு பொய்

அருமைத் தாய்மார்களே!

முதல் நாள் பிள்ளை அழும். அது இயல்பு. அந்த அழுகையை நிறுத்த நாம் என்ன செய்கின்றோம்? “உம்மா இங்கேதான் வெளியில் உட்கார்ந்திருப்பேன்” என்கின்றோம். பிள்ளை திரும்பியதும் நழுவி விடுகின்றோம். “சாயங்காலம் பொம்மை வாங்கித் தருகிறேன்” என்கின்றோம். மாலையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, அவருடைய தாயார் ஏதோ தருவதாகக் கூறி அவரை அழைத்தார். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தாய் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் கொடுக்க எண்ணியதாக அத்தாய் பதிலளித்தார். எதுவுமே கொடுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு பொய்யாக உன் மீது எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தை அண்ணலார் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். ஒரு பேரீச்சம்பழத்தின் அளவே ஆனாலும் பிள்ளையிடம் சொன்ன சொல் சொல்தான்.

எனவே உண்மையைச் சொல்லுங்கள். “நான் இப்போது வீட்டிற்குப் போகிறேன், மணி அடிக்கும்போது இதே வாசலில் நிற்பேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். ஐந்து நிமிடம் முந்தி வந்து நில்லுங்கள். பிந்த வேண்டாம். முதல் வாரத்தில் நான்கு நாட்கள் சொன்ன நேரத்தில் உங்கள் முகத்தைக் கண்ட பிள்ளை ஐந்தாவது நாள் தானாகவே கையசைத்துவிட்டு உள்ளே செல்லும். ஏமாற்றப்பட்ட பிள்ளை உங்கள் கையை விடப் பயப்படுகின்றது. நம்பிக்கை பெற்ற பிள்ளைக்கு அந்தப் பயம் போய்விடுகின்றது.

மாலையில் வீடு திரும்பியதும் “மிஸ் என்ன எழுதச் சொன்னார்கள்? எத்தனை மார்க்?” என்று விசாரணை நடத்தாதீர்கள். அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைர் ஒரு சிட்டுக் குருவியை வளர்த்து வந்தார். அது இறந்துவிட்ட வருத்தத்தில் இருந்த அந்தச் சிறுவரிடம், அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். மதீனாவின் ஆட்சிப் பொறுப்பைச் சுமந்தவர்களுக்கு ஒரு பிள்ளையின் குருவியை நினைவில் வைக்க நேரம் இருந்தது. உன் பக்கத்தில் அமர்ந்தது யார், உணவு வேளையில் என்ன பேசினீர்கள் என்று கேட்க நமக்கு நேரம் இல்லையா?

வெளிநாட்டில் உழைக்கும் தந்தைமார்களுக்கும் இது பொருந்தும். கைப்பேசியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் பாடத்தைக் கேட்காதீர்கள், பிள்ளையைக் கேளுங்கள்.

மகனுக்கு ஒரு பள்ளி, மகளுக்கு ஒரு பள்ளியா?

சகோதரர்களே! சிலருக்குக் கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். ஒரே வீட்டில் மகன் வேனில் ஏறி ஆங்கில வழிப் பள்ளிக்குச் செல்கின்றான். மகள் தெருமுனையில் உள்ள பள்ளிக்கு நடந்து செல்கின்றாள். காரணம் கேட்டால், “அவள் நாளைக்கு இன்னொரு வீட்டிற்குப் போகிறவள்தானே” என்கின்றோம்.

தெருமுனைப் பள்ளி தாழ்ந்தது என்பது என் கருத்தன்று. நல்ல ஆசிரியர்கள் அங்கே இருக்கின்றார்கள். இருவரையும் அங்கேயே சேர்த்தால் அது நீதம். இருவரையும் வேனில் அனுப்பினாலும் நீதம். ஆனால் தாழ்ந்தது என்று நீங்களே நினைக்கும் ஒன்றை மகளுக்கு மட்டும் ஒதுக்குவது நீதமாகுமா?

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை, தம் பிள்ளைகளுள் ஒருவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று கேட்ட அண்ணலார் (ஸல்) அவர்கள், இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்து, பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறு பணித்தார்கள். பள்ளிக் கட்டணமும் ஒரு தந்தை கொடுக்கும் கொடைதான். மறுமையில் அந்தக் கணக்கிற்கு யாரைச் சாட்சியாகக் கொண்டு நிற்போம்?

ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி எழுதப் படிக்க அறிந்தவர். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் அவரே. நபிகளாரின் இல்லத்திலேயே ஒரு பெண் ஆசிரியையும் ஒரு பெண் மாணவியும் இருந்திருக்கின்றார்கள். பெண் பிள்ளையின் படிப்பை அலட்சியம் செய்பவர் எந்த ஸுன்னத்தைப் பின்பற்றுகின்றார் என்று சிந்திக்க வேண்டும்.

கட்டணமும் கடனும்

பெருமைக்காகப் பள்ளி தேடுவதும் நம்மிடையே பெருகி வருகின்றது. அண்டை வீட்டார் சேர்த்த பள்ளியில் நாமும் சேர்க்க வேண்டும் என்பதற்காக நகையை வட்டிக்கு வைக்கின்றோம், தண்டல்காரரிடம் கைநீட்டுகின்றோம். எழுத்தறிவின் முதல் படியிலேயே வட்டியின் பாவம் வந்து சேருகின்றது. ஒன்றாம் வகுப்பிற்கே கடன் வாங்கியவர் ஐந்தாம் வகுப்பில் என்ன செய்வார்? கட்டணம் கட்ட இயலாமல் ஆண்டின் நடுவில் நிறுத்தப்பட்டுக் கண்ணீருடன் திரும்பும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

தகுதிக்கு ஏற்ற பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் இல்லை. பாடநூலும் சீருடையும் விலையின்றிக் கிடைக்கின்றன. 1956இல் காமராசர் காலத்தில் விரிந்த மதிய உணவு, 1982இல் சத்துணவாக வளர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்ற மரக்கறி உணவுகளே காலையில் தரப்படுவதால் ஹலால், ஹராம் என்ற ஐயத்திற்கும் இடமில்லை. அங்கே பிள்ளை உண்பதைக் கௌரவக் குறைவாக எண்ணி, வெறும் வயிற்றுடன் இருக்கச் செய்யும் பெற்றோரும் உண்டு. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது. பல சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது வெட்கப்பட வேண்டிய காரியமன்று. வரவேற்க வேண்டிய காரியம்.

நமக்கெல்லாம் இமாமாக விளங்கும் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்தவர்கள். தந்தையை இழந்த அவர்களைத் தாயார் மக்காவிற்கு அழைத்து வந்து வளர்த்தார். ஆசிரியருக்குக் கொடுக்கக் காசில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக் கொள்வதையே கட்டணமாக ஏற்று ஆசிரியர் அவர்களுக்குக் கற்பித்தார். காகிதம் வாங்க வழியின்றி எலும்புகளில் எழுதினார்கள். அவர்களிடம் விலை உயர்ந்த பள்ளி இருக்கவில்லை. விடாமல் அனுப்பிய ஒரு தாய் இருந்தார். கணவர் தொலைவில் இருக்க, தனியாகப் பிள்ளை வளர்க்கும் நம் சகோதரிகள் இந்தத் தாயை நினைத்து மனம் தேற வேண்டும்.

மக்தபும் பள்ளிக்கூடமும்

இனி நம் பொறுப்பில் உள்ள பள்ளியைப் பற்றிப் பேசுவோம். ஸுப்ஹு தொழுகைக்குப் பின் ஆறரை மணிக்கு மக்தப் மதரஸா தொடங்குகின்றது. எட்டு மணிக்கு முடிகின்றது. அதற்குள் சில பிள்ளைகளுக்கு வேன் வந்து நின்றுவிடும். ஐந்து வயதுப் பிள்ளை ஐந்தரை மணிக்கு எழுப்பப்பட்டு, ஒரு வாய்த் தேநீருடன் ஓத வந்து, ஓட்டமாக வீட்டிற்குப் போய்ச் சீருடை மாட்டி, இரண்டு கவளத்தை விழுங்கி வேனில் ஏறுகின்றது. அலிஃப், பே எழுதிய பலகையின் மீதே தலை சாய்ந்து தூங்கும் பிள்ளைகளைப் பல ஊர்களில் காணலாம்.

“நாங்களெல்லாம் அப்படித்தானே ஓதினோம்?” என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே. அன்று பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருந்தது. வேன் இல்லை. ஒன்றாம் வகுப்பிற்கு வீட்டுப்பாடம் இல்லை. இரவு எட்டு மணிக்கு ஊர் உறங்கியது. இன்று பத்து மணிக்கும் வீட்டில் தொலைக்காட்சி ஓடுகின்றது. இரவைப் பெரியவர்களாகிய நாம் நீட்டிவிட்டு, விடியலில் மட்டும் பிள்ளையிடம் பழைய ஒழுங்கை எதிர்பார்க்கின்றோம்.

“நேரத்தைத் தளர்த்தினால் பெற்றோர் ஓதலையே விட்டுவிடுவார்கள்” என்பது இன்னொரு கவலை. அதுவும் வீண் கவலையன்று. டியூஷனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, குர்ஆனுக்கு அரை மணி நேரம் ஒதுக்காத வீடுகள் பெருகித்தான் வருகின்றன. ஆயினும் ஆறு வயதில் ஓதலை வெறுத்த பிள்ளை பத்து வயதில் நம்மை விட்டே போய்விடும் என்பதையும் எண்ண வேண்டும்.

இதற்கு நபிவழி என்ன கூறுகின்றது? தொழுகையை நீட்டித் தொழவைக்க எண்ணி நிற்கும் வேளையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் மனவேதனையைக் கருதித் தொழுகையைச் சுருக்கிக் கொள்பவர்களாக அண்ணலார் (ஸல்) அவர்கள் இருந்தார்கள். ஸஹாபாக்கள் அணிவகுத்து நிற்க, அல்லாஹ்வின் தூதர் இமாமாக நிற்க, ஒரு குழந்தைக்காகத் தொழுகையே சுருங்கியது என்றால், நம் மக்தபின் கால அட்டவணை மாறக் கூடாதா?

ஆகவே நம் ஜமாஅத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கின்றேன். முதலாவது, ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் மக்தப் நேரத்தை அஸருக்கும் மஃரிபிற்கும் இடையே முக்கால் மணி நேரமாக மாற்றுவது. இரண்டாவது, காலையில் ஓதும் பெரிய பிள்ளைகளை ஏழே முக்காலுக்கு விட்டு விடுவது. அவர்களுக்கு பைத்துல்மாலிலிருந்து ஒரு குவளைப் பாலும் ரொட்டியும் கொடுப்பது. மூன்றாவது, பள்ளி திறக்கும் முதல் இரண்டு வாரங்களுக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை மக்தபில் இலகுவாக நடத்துவது. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படுவதே என்பது நபிமொழியின் கருத்தல்லவா? முக்கால் மணி நேரம் தூங்காமல் ஓதுவது ஒன்றரை மணி நேரம் தூங்கி வழிவதைவிட மேலானது.

பிரம்பைப் பற்றி

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளிகளில் பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் மனத்துன்பமும் தருவதைத் தடை செய்கின்றது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மதரஸாக்கள் அந்தச் சட்டத்திற்கு உட்பட்டவையல்ல. ஆனால் எந்தச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றாலும் அல்லாஹ்வின் கேள்வியிலிருந்து நமக்கு விலக்கு உண்டா?

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக நபி (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்து பத்தாண்டுகள் இருந்தார்கள். ஒருமுறை கூடத் தம்மை நோக்கிச் சலிப்பான ஒரு சொல்லையும் அண்ணலார் கூறியதில்லை என்று அவர்களே சாட்சி கூறுகின்றார்கள். தொழுகை போன்ற தலையாய கடமைக்கே ஏழு வயதில் ஏவச் சொன்ன மார்க்கம் இது. கண்டிப்பைப் பற்றிய பேச்சே பத்து வயதில்தான் வருகின்றது. இடையில் மூன்றாண்டுகள், நாளைக்கு ஐந்து வேளை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அன்பாகவே அழைக்க வேண்டும்! இந்தப் பொறுமை இருந்தால் பிரம்புக்கு வேலை ஏது?

1406இல் மறைந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் தமது முகத்திமாவில், மாணவர்களிடம் கடுமை காட்டுவது, குறிப்பாகச் சிறு பிள்ளைகளிடம் காட்டுவது, அவர்களைப் பொய்க்கும் நடிப்பிற்கும் பழக்கிவிடும் என்று விளக்கியுள்ளார்கள். அடிக்குப் பயந்து “ஓதிவிட்டேன்” என்று சொல்லும் பிள்ளைக்கு நாம் கற்றுக் கொடுத்தது குர்ஆனையா, பொய்யையா? உஸ்தாதுமார்களும் பள்ளி ஆசிரியர்களும், “அடித்தாவது படிக்க வையுங்கள், கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்” என்று சொல்லி ஒப்படைக்கும் பெற்றோரும் இதைச் சிந்திக்க வேண்டும்.

அதே வேளையில் ஆசிரியரை இழிவாகப் பேசும் வீட்டில் கல்வி தங்காது. பிள்ளையின் முன்னிலையில் ஆசிரியரைக் குறை கூறாதீர்கள். குறை இருந்தால் தனியே சென்று மரியாதையுடன் பேசுங்கள். அவர் எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும் உங்கள் பிள்ளைக்கு எழுத்தைக் காட்டுபவர். பத்ரின் கைதிகளையே ஆசிரியர்களாக ஏற்றவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். பக்கத்தில் அமரும் பிள்ளைகளிடம் ஸலாமத்தான முகத்துடன் பழகவும், எழுதுகோலைப் பகிரவும் கற்றுக் கொடுங்கள். பிற சமயச் சகோதரர்களை நம் பிள்ளைகள் முதன்முதலில் அறிவது அந்த வகுப்பறையில்தான். அவர்கள் நம்மை அறிவதும் அங்கேதான்.

அருமைச் சகோதரர்களே! ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நாம் பலமுறை கேட்ட நபிமொழியின் கருத்து. இந்த வாரம் அந்தப் பொறுப்பு மிக எளிய வடிவத்தில் நம் வீட்டிற்கு வந்திருக்கின்றது. இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைப்பது, காலையில் வயிறு நிறையக் கொடுப்பது, சொன்ன நேரத்தில் வாசலில் நிற்பது, மகளையும் மகனையும் ஒன்றாக எண்ணுவது, திருமணத்தையும் விருந்தையும் காரணம் காட்டிப் பள்ளிக்கு விடுப்பு எடுக்காமல் இருப்பது ஆகியவையே அந்தப் பொறுப்பு. நம் வீட்டுப் பிள்ளையோடு நின்றுவிடாமல், தந்தையற்ற பிள்ளைக்கும் ஒரு புத்தகப்பை வாங்கிக் கொடுத்தால் அது நிலையான தர்மமாக நம்மைத் தொடர்ந்து வரும்.

யா அல்லாஹ்! இவ்வாண்டு பள்ளியில் காலடி வைக்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வாயாக! அவர்களின் அச்சத்தை நீக்கி, நல்ல ஆசிரியர்களையும் நல்ல தோழர்களையும் வழங்குவாயாக! பாதையிலும் வாகனத்திலும் அவர்களைப் பாதுகாப்பாயாக! தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு ஆதரவாளர்களை ஏற்படுத்துவாயாக! அவர்களின் பொறுப்பை நீதத்தோடும் கருணையோடும் நிறைவேற்றும் நல்வாய்ப்பை எங்கள் அனைவருக்கும் நல்குவாயாக! ஆமீன்.